தண்ணி வந்தது, போனது, திரும்ப வந்தது: கிணத்துமேட்டிலிருந்து கேமிங் பிசி வரை

(எபிசோடில் பேசியதை, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தித் தந்திருக்கிறோம்.)

இந்த வார எபிசோட் ஒரு வாய்ஸ் நோட்டில் இருந்து ஆரம்பிக்குது. அனுப்பினது திண்டிவனத்துல இருந்து ஒரு தம்பி. காலேஜ் மூணாவது வருஷம். சுருக்கமா அவன் கேட்டது இதுதான்: "அண்ணா, பத்தாயிரம் ரூபாய் சேர்த்து வச்சிருக்கேன். என் கேமிங் பிசிக்கு வாட்டர் கூலிங் போடணும். சத்தமே வரக்கூடாது. முடியுமா?"

சத்தம் ஏன் வரக்கூடாதுன்னு கேட்டேன். அவங்க அப்பா பஸ் டிரைவர். ராத்திரி டூட்டி. காலையில வந்து, சாப்பிட்டுட்டு, ஹாலில் பாய் போட்டுப் படுப்பார். தம்பியோட பிசியும் அதே ஹாலில்தான். கேம் மட்டும்னா ஹெட்போனை மாட்டிக்கிட்டு ராத்திரி விளையாடிக்கலாம். ஆனா இவன் பிளெண்டர்ல ரெண்டர் பண்ணிக் கொடுத்து மாசம் கொஞ்சம் சம்பாதிக்கிறான். ஒரு ரெண்டர் போட்டா நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம் ஃபேன் எல்லாம் முழு வேகத்துல கத்தும். அப்பா புரண்டு புரண்டு படுப்பார். அன்னைக்கு ராத்திரி அவரை நம்பி ஐம்பது பேர் பஸ்ல தூங்கிட்டு வருவாங்க. அதனால இந்தக் கேள்வியை லைட்டா எடுத்துக்க எனக்கு மனசு வரலை.

நான் விழுப்புரம். எங்க ஊர்ல இருந்து திண்டிவனம் சுமார் 40 கிலோமீட்டர். போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் வாட்டர் கூலிங் வரலாறைத் தேடிப் படிச்சேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருந்தது. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம். கடைசியில தம்பிக்கு என்ன பண்ணோம்னு சொல்றேன்.

தாத்தாவோட ஆயில் இன்ஜின்

வாட்டர் கூலிங்னு சொன்னதும் நமக்குக் கண்ணாடி கேஸ், கலர் லைட், வளைஞ்ச டியூப்தான் ஞாபகம் வரும். ஆனா நம்ம மாவட்டத்துல வாட்டர் கூலிங்கைப் பார்க்காத விவசாய வீடு கிடையாது. கிணத்துமேட்டு கொட்டகையில இருந்த ஆயில் இன்ஜினைச் சொல்றேன்.

அஞ்சு எச்பி டீசல் இன்ஜின். டொக் டொக்குனு ஊர் எல்லை வரைக்கும் கேட்கும். அது எரிக்கிற டீசல்ல வர்ற சக்தியில தோராயமா மூணுல ஒரு பங்குதான் பம்பை ஓட்டும். ஒரு பங்கு புகையோட போயிடும். மிச்சம் ஒரு பங்கு சிலிண்டர் சுவத்துல சூடா ஏறும். அந்தச் சூட்டை எடுக்கலைன்னா பிஸ்டன் சிலிண்டர்ல இறுகிப் பிடிச்சுக்கும். அதுக்கு என்ன பண்ணாங்க? பம்பு கிணத்துல இருந்து இறைக்கிற தண்ணியில கொஞ்சத்தை ஒரு சின்னக் குழாய் வழியா இன்ஜினைச் சுத்தி விட்டுட்டாங்க. பச்சத் தண்ணி உள்ளே போகும், வெந்நீர் வெளியே வந்து வாய்க்கால்ல விழும். ரேடியேட்டர் கிடையாது, தனி மோட்டார் கிடையாது. கிணறுதான் டேங்க், வாய்க்கால்தான் ரேடியேட்டர். மார்கழியில அந்தக் குழாய்க்கு அடியில உட்கார்ந்து குளிச்சதா எங்க அப்பா இன்னும் சொல்லுவார்.

அப்புறம் கரண்டு மோட்டார் வந்தது. 1990-ல விவசாயத்துக்கு இலவச மின்சாரம்னு ஆனப்போ ஆயில் இன்ஜின்களோட காலம் வேகமா முடிஞ்சது. கரண்டு மோட்டாருக்குள்ள எதுவும் எரியறது இல்லை. அதனால அதே தண்ணியை இறைக்க, மோட்டார் உடம்புல ஏறுற சூடு ரொம்பக் குறைவு. மோனோபிளாக் மோட்டாரோட பின்பக்கம் ஒரு சின்ன ஃபேன் இருக்கும். அது போதும். வாட்டர் கூலிங் போச்சு, ஏர் கூலிங் வந்தது.

அப்புறம் கிணறு வத்திச்சு, போர் போட்டோம். ஒரு ஒல்லியான குழாய்க்குள்ள, 200, 300 அடி ஆழத்துல மோட்டாரை இறக்கினோம். அங்கே காத்து எங்கே இருக்கு? அதனால சப்மெர்சிபிள் மோட்டார் தன்னைச் சுத்தி ஓடுற போர் தண்ணியிலேயே சூட்டை விடுது. தண்ணி இறங்கிப் போய் மோட்டார் வெறுமனே ஓடினா காயில் எரிஞ்சு போறதுக்கு இதுவும் ஒரு காரணம். ஆக, தண்ணி திரும்ப வந்துடுச்சு. ஒரே தலைமுறையில, ஒரே வயல்ல.

இந்த மூணு கட்டத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. சின்ன இடத்துல நிறைய சூடுன்னா தண்ணி வரும். சூட்டைக் குறைக்கிற வழி கிடைச்சா தண்ணி போயிடும். திரும்பச் சூடு நெருக்கிச்சுன்னா தண்ணி திரும்ப வரும். கம்ப்யூட்டர் வரலாறும் அச்சு அசல் இதேதான்.

ஜங்ஷன்ல ஒரு சின்ன நிறுத்தம்

கம்ப்யூட்டருக்குப் போறதுக்கு முன்னாடி எங்க ஊர் ஜங்ஷன் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். விழுப்புரத்துல இருந்து அஞ்சு பக்கமும் ரயில் பாதை பிரியும்: சென்னை, விருத்தாசலம் வழியா திருச்சி, கடலூர் வழியா மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி. மீட்டர் கேஜ் காலத்துல கரி இன்ஜின் இங்கே தண்ணி பிடிக்கும்.

கரி இன்ஜினுக்குத் தண்ணி எதுக்கு? ஆவி பண்றதுக்குன்னு சொல்லுவோம். சரிதான். ஆனா அதே தண்ணி இன்னொரு வேலையும் பார்த்தது. நெருப்புப் பெட்டியோட மேல்தகடு மேல எப்பவும் தண்ணி நிக்கணும். கீழே எரியிற நெருப்போட சூட்டை அந்தத் தண்ணி உறிஞ்சிக்கிட்டே இருக்கறதாலதான் தகடு இளகாம இருக்கும். தண்ணி மட்டம் இறங்கி தகடு வெளியே தெரிஞ்சா, அது மெத்துனு ஆகி, பாய்லர் வெடிச்சுடும். அதுக்காகத் தகட்டுல ஈயம் அடைச்ச ஒரு பிளக் வச்சிருப்பாங்க. சூடு ஏறினா முதல்ல ஈயம் உருகி, ஆவி நெருப்பு மேல பாயும். உங்க பிசி 95 டிகிரியைத் தொட்டதும் தானாவே வேகத்தைக் குறைக்குதே, கிட்டத்தட்ட அதோட தாத்தா இது.

கம்ப்யூட்டரும் பிளம்பரும்

இப்போ கம்ப்யூட்டர். 1946-ல அமெரிக்காவுல வெளியுலகத்துக்குக் காட்டின ஏனியாக் சுமார் 150 கிலோவாட் மின்சாரம் குடிச்சது. உள்ளே ஏறக்குறைய 18,000 வால்வு. பெரிய பெரிய ஊதுகுழல் ஃபேன் வச்சுத்தான் ஆறவிட்டாங்க. அப்புறம் டிரான்சிஸ்டர் வந்து சூடு குறைஞ்சது. ஆனா இன்ஜினியருங்க சும்மா இருப்பாங்களா? குறைஞ்ச சூட்டுக்கு ஏத்த மாதிரி இன்னும் நெருக்கமா அடுக்க ஆரம்பிச்சாங்க. சிக்னல் போற ஒயர் நீளம் குறைஞ்சாதான் வேகம் கூடும்.

1976-ல சீமோர் கிரே கட்டின கிரே-1 சூப்பர் கம்ப்யூட்டர் "சி" எழுத்து மாதிரி வளைஞ்சு நிக்கும். வளைச்சதே ஒயர் நீளத்தைக் குறைக்கத்தான். அவ்வளவு நெருக்கத்துல காத்து போதாது. நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரியே ஃப்ரியான் வாயுவைக் குழாய்ல ஓடவிட்டாங்க. 1985-ல வந்த கிரே-2-ல இன்னும் ஒரு படி மேல. சர்க்யூட் போர்டுகளை மொத்தமா ஃப்ளூரினெர்ட்ங்கிற திரவத்துல முக்கி வச்சுட்டாங்க. மின்சாரத்தைக் கடத்தாத திரவம், அதனால ஷார்ட் ஆகாது. பக்கத்துல கண்ணாடித் தொட்டியில அது கொப்பளிக்கிறது தெரியும். இன்னைக்கு நாம போடுற கண்ணாடி கேஸ் ஷோ எல்லாம் நாப்பது வருஷம் லேட்.

ஐபிஎம் என்ன பண்ணிச்சுன்னா, 1980-ல அறிவிச்ச 3081 மெஷின்ல ஒரு தகட்டு மேல நூறுக்கும் மேல சிப்பு அடுக்கி, ஒவ்வொரு சிப்பு முதுகுலயும் ஸ்பிரிங் வச்ச ஒரு சின்ன உலோக பிஸ்டனை அழுத்தி, உள்ளே ஹீலியம் நிரப்பி, மேல குளிர்ந்த தண்ணி ஓடுற பிளேட்டைப் போட்டு மூடினாங்க. ஒரு தொகுதியில 300 வாட் வரைக்கும் சூட்டை எடுத்தது. 300 வாட்னா இன்னைக்கு ஒரு நல்ல கேமிங் கார்டோட சூடு. இன்னைக்கு நம்ம மேஜை மேல இருக்கறதுக்கு அன்னைக்கு ஒரு கட்டடமே பிளம்பிங்கோட தேவைப்பட்டது.

இந்தியாவுக்கும் இதுல ஒரு கிளைக்கதை உண்டு. 1980-கள்ல மழையைக் கணிக்க நாம அமெரிக்காகிட்ட கிரே கேட்டோம். நீண்ட பேச்சுவார்த்தைக்கு அப்புறம் வானிலைக்காக டெல்லிக்கு ஒரு கிரே எக்ஸ்-எம்பி வந்தது. அதைவிட சக்தியானது கிடைக்கலை. அந்தச் சூழல்லதான் 1988-ல சி-டாக் ஆரம்பிச்சு, 1991-ல பரம் 8000 வந்தது. இந்தக் கதையோட கடைசிப் பகுதி திருச்சியில முடியும். அங்கே அப்புறம் போவோம்.

முதல் முறை தண்ணி போனது

இவ்வளவு பிளம்பிங் பண்ண ஐபிஎம், 1990-கள் நடுவுல தண்ணியை விட்டுடுச்சு. ஏன்? தண்ணி ஒழுகுதுன்னு இல்லை. அதுவரை அவங்க பயன்படுத்தின பைபோலார் சிப்பு எப்பவும் கரண்டு குடிச்சுக்கிட்டே இருக்கும். வேலை இல்லைன்னாலும் சூடாகும். அதுக்குப் பதிலா சிமாஸ் சிப்புக்கு மாறினாங்க. அன்னைக்கு சிமாஸ் நிலை மாறுற நொடியில மட்டும்தான் முக்கியமா கரண்டு எடுக்கும். சூடு ஒரேயடியா இறங்கிச்சு. ஃபேன் போதும்னு ஆச்சு. கிணத்துமேட்டுல ஆயில் இன்ஜின் போய் மோனோபிளாக் வந்த மாதிரியேதான்.

இங்கே நம்ம ஊர் பிள்ளைங்களுக்கு ஒரு ஞாபகம் இருக்கும். ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப்னா செருப்பைக் கழட்டிட்டுப் போகணும். மொத்த ஸ்கூல்லயும் ஏசி இருக்கிற ஒரே ரூம் அதுதான். பெரிய மெஷின்கள் காலத்துல வந்த அந்தப் பழக்கம், ஒரு டேபிள் ஃபேன் காத்துலயே ஓடக்கூடிய பிசி வந்த பிறகும் ரொம்ப நாள் விடாம இருந்தது.

வீட்டுக்குள்ள வந்த தண்ணி

1998-ல இன்டெல் செலரான் 300ஏ-ன்னு ஒரு மலிவு சிப்பு விட்டது. 300 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டுல பஸ் வேகத்தை 66-ல இருந்து 100-க்கு மாத்தினா, பல சிப்பு அசால்ட்டா 450-ல ஓடிச்சு. மலிவு விலையில விலை கூடின சிப்போட வேகம். ஓவர்கிளாக்கிங் ஒரு கூட்டமாவே ஆயிடுச்சு. வேகம் கூடினா சூடு கூடும். அந்தக் காலத்துல கடையில வாட்டர் கூலிங் கிட் லேசுல கிடைக்காது. பசங்க என்ன பண்ணாங்க? மீன் தொட்டி மோட்டார், பழைய காரோட ஹீட்டர்ல இருந்து பிரிச்செடுத்த குட்டி ரேடியேட்டர், துளை போட்ட செம்புக் கட்டி, மருந்துக் கடை டியூப். எல்லாம் காயலாங்கடை சரக்கு. பட்ஜெட் வாட்டர் கூலிங் பிறந்தது அங்கேதான். இன்னைக்கு இருக்கிற ஒவ்வொரு கிட்டும் அந்த நாலு பொருளோட மெருகேத்தின வடிவம்தான்.

2004-ல கம்பெனிகளே மாட்டிக்கிட்டாங்க. இன்டெலோட பென்டியம் 4 பிரஸ்காட் 100 வாட்டைத் தாண்டிச்சு. அதே வருஷம் ஆப்பிள் பவர் மேக் ஜி5-ஐத் திரவக் குளிர்விப்போட வித்தது. இன்டெல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் விடறோம்னு சொல்லியிருந்ததைக் கைவிட்டது.

அடுத்து என்ன நடந்திருக்கும்னு நீங்களே சொல்லிடுவீங்க. 2006-ல கோர் 2 டுயோ வந்தது. வேகம் அதிகம், சூடு 65 வாட். தண்ணி மறுபடியும் தேவையில்லாம போச்சு. ஆப்பிளும் ஜி5-ஐ விட்டுட்டு இன்டெலுக்கு மாறிடுச்சு.

2009-ல கோர்சேர் எச்50 வந்தது. மோட்டார், பிளாக், ரேடியேட்டர் எல்லாத்தையும் கம்பெனியிலேயே இணைச்சு, தண்ணி ஊத்தி, சீல் பண்ணிக் கொடுத்தாங்க. உள்ளே இருந்த சரக்கு டென்மார்க்கோட அசிடெக். இதைத்தான் இன்னைக்கு ஏஐஓ-ன்னு சொல்றோம். தம்பி கேட்டதும் இதைத்தான்.

திருச்சியில ஓடுற தண்ணி

இப்போ தண்ணி மூணாவது முறையா வந்திருக்கு. ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு 450 வாட், 5090 கார்டு 575 வாட். ஏஐ டேட்டா சென்டர்ல ஒரே ஒரு ரேக் 100 கிலோவாட்டைத் தாண்டுது. ஏனியாக் ஒரு பெரிய ஹால் முழுக்கப் பரவி எடுத்த மின்சாரத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. இப்போ அது ஒரு பீரோ சைஸ்ல இருக்கு.

நமக்குப் பக்கத்துல இதைப் பார்க்கணும்னா திருச்சி. விழுப்புரத்துல இருந்து ரயில்ல சுமார் 180 கிலோமீட்டர். அங்கே என்ஐடி-யில 2022 மே 25-ஆம் தேதி பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டரைத் தொடங்கி வச்சாங்க. 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு. கிரே கேட்டுக் காத்திருந்த நாட்டுல பிறந்த அதே பரம் வரிசை. அதுல சிப்பு மேலேயே பிளேட்டை வச்சு திரவத்தை ஓடவிடுற குளிர்விப்பு இருக்கு. திருச்சி வெயில் நமக்குத் தெரியும். அந்த ஊர்ல காத்தை ஏசி போட்டுக் குளிரவச்சு, அந்தக் காத்தைச் சிப்பு மேல ஊதறதைவிட, நேரா திரவத்துல சூட்டை எடுத்தா கரண்டு பில் குறையும்.

இதுல பலருக்கு ஒரு தப்பான நினைப்பு இருக்கு. தண்ணி சில்லுனு இருந்தாதான் வேலை செய்யும்னு. ஜெர்மனியில மியூனிக் பக்கத்துல 2012-ல நிறுவின சூப்பர்எம்யூசி-யில உள்ளே போற தண்ணியே 45 டிகிரி வரைக்கும் இருக்கலாம். கைவச்சா சுடும். சிப்பு அதைவிடச் சூடா இருக்கறதால சூடு தண்ணிக்குப் போயிடும். வெளியே வர்ற வெந்நீரை வச்சு பனிக்காலத்துல கட்டடத்தையும் கதகதப்பாக்கினாங்க. மார்கழியில எங்க அப்பா குளிச்ச கதைதான்.

இப்போ தம்பி வீட்டுக் கணக்கு

ஒரு ஞாயித்துக்கிழமை பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். கத்திரி வெயில். ஹாலில் தெர்மாமீட்டர் 38 காட்டிச்சு. தம்பியோட பிசி: ரைசன் 5 5600, ஆர்டிஎக்ஸ் 3060. ரெண்டையும் சேர்த்து முழு வேலையில ஏறக்குறைய 250 வாட் சூடு.

முதல் கணக்கு. 250 வாட் சூட்டைக் காத்து மட்டும் எடுக்கணும், காத்து 10 டிகிரிதான் சூடாகலாம்னா, நொடிக்கு 20 லிட்டருக்கு மேல காத்து போகணும். அதே சூட்டைத் தண்ணி எடுக்கணும்னா நிமிஷத்துக்கு ஒரே ஒரு லிட்டர் ஓடினா போதும், தண்ணி நாலு டிகிரிகூட ஏறாது. தண்ணியோட பலம் இதுதான். ஆனா அந்தத் தண்ணி சூட்டை எங்கே கொண்டுபோய் விடும்? ரேடியேட்டருக்கு. ரேடியேட்டர் எங்கே விடும்? அதே ஹால் காத்துக்கு. அதே 250 வாட், அதே 38 டிகிரி காத்து, அதுக்கும் ஃபேன் வேணும். ரேடியேட்டர் பெருசா இருந்தா ஃபேன் மெதுவா சுத்தலாம், அவ்வளவுதான். கிணறும் வாய்க்காலும் ஹாலுக்குள்ள கிடையாது.

ரெண்டாவது கணக்கு, எது கத்துதுன்னு பார்த்தோம். அவன் ரெண்டர் கார்டுல ஓடுறது. பிராசஸர் அந்த நேரம் கிட்டத்தட்ட சும்மா இருக்கு. கத்துறது கிராஃபிக்ஸ் கார்டோட ஃபேன். பத்தாயிரத்துக்குள்ள வர்ற ஏஐஓ எதைக் குளிர்விக்கும்? பிராசஸரை. கத்தாததுக்கு வாட்டர் கூலிங் போட்டுட்டு, கத்துறதை அப்படியே விட்டிருப்போம். கார்டுக்கும் சேர்த்துத் தண்ணி ஓட்டணும்னா தனி பிளாக், மோட்டார், ரேடியேட்டர், ஃபிட்டிங்ஸ்னு பட்ஜெட் பல மடங்கு போயிடும். போதாததுக்கு, ஏஐஓ மோட்டார் பிசி ஆன்ல இருக்கிற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். நல்ல ஏர் கூலர் வேலை இல்லாத நேரம் ஃபேனை முழுசா நிறுத்திடலாம். மோட்டாரை நிறுத்த முடியாது. அமைதியான ஹாலில் அந்த ஙொய்ங் சத்தம் தெரியும்.

அப்போ என்ன பண்ணோம்? ஐபிஎம் பண்ணதைத்தான். முதல்ல சூட்டைக் குறைச்சோம். கார்டோட பவர் லிமிட்டை 170 வாட்ல இருந்து 125-க்கு இறக்கி, வோல்ட்டேஜையும் கொஞ்சம் குறைச்சோம். பயாஸ்ல ஈகோ மோட் போட்டோம். ஒரு மணி நேரம் எடுத்த ரெண்டர் அஞ்சு நிமிஷம் கூட எடுத்தது. அந்த அஞ்சு நிமிஷத்துக்கு ஈடா ஃபேன் வேகம் நல்லாவே இறங்கிச்சு. கேஸ் முன்பக்கம் அடைச்சிருந்த தூசியைத் துடைச்சு, ரெண்டு பெரிய 140 மில்லிமீட்டர் ஃபேனை மெதுவா ஓடவிட்டோம். சிறிசு வேகமா சுத்தறதைவிடப் பெருசு மெதுவா சுத்தினா அதே காத்துக்குச் சத்தம் குறைவு.

அப்புறம் கிணத்துமேட்டுல கத்துக்கிட்டது. ஆயில் இன்ஜின் அவ்வளவு கத்தினாலும் யாரும் தூக்கம் கெட்டுப் போகலை, ஏன்னா கொட்டகை வீட்டுல இருந்து தள்ளி இருந்தது. சப்மெர்சிபிள் சத்தம் கேட்காததுக்கும் அதே காரணம். தம்பி வீட்டுல ஹாலை ஒட்டி வெளியே மாடிப்படிக்கு அடியில ஒரு இடம் இருந்தது. மழை படாது, பூட்டு போட்ட கம்பிக் கதவு உண்டு. ஜன்னல் ஓரமா அஞ்சு மீட்டர் எச்டிஎம்ஐ கேபிளும் யூஎஸ்பி கேபிளும் இழுத்தோம். பல்லி, தவளை உள்ளே போகாம இருக்க கேஸைச் சுத்திக் கொசுவலை அடிச்சோம். பிசி வெளியே, மானிட்டரும் கீபோர்டும் உள்ளே. பிசியோட சூடும் ஹாலுக்குள்ள வரலை. ஃபேன், கேபிள், வலை எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள்ள முடிஞ்சது.

அவங்க அப்பா எழுந்து வந்து மாடிப்படியை எட்டிப் பார்த்தார். "இதுக்கா தம்பி இவ்வளவு தூரம் வந்த? மொதல்லயே வெளிய வெக்கச் சொன்னேன், கேக்கல"ன்னார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தாறுல இருந்து படிச்சுட்டு வந்திருக்கேன்னு அவர்கிட்ட நான் சொல்லலை.

அப்போ தண்ணியே வேண்டாமா?

வேணும், நேரம் வரும்போது. நாளைக்குத் தம்பி 300 வாட்டுக்கு மேல போற கார்டு வாங்கினா, ரூமை விட்டு வெளியே வைக்க இடமும் இல்லைன்னா, அப்போ தண்ணிக்கு நியாயம் இருக்கு. அந்த நாளுக்கு நாலு விஷயம் குறிச்சு வச்சுக்கோங்க.

ஒண்ணு, பட்ஜெட்ல பெரும்பங்கை ரேடியேட்டருக்கு ஒதுக்குங்க. அமைதி அதோட பரப்புலதான் இருக்கு. டியூப் கலர்ல இல்லை.

ரெண்டு, மலிவு கிட்ல ரேடியேட்டர் அலுமினியமா, பிளாக் செம்பான்னு பாருங்க. ரெண்டும் ஒரே தண்ணியில நின்னா பேட்டரி மாதிரி வேலை செஞ்சு அலுமினியம் அரிச்சுப் போகும். ரெண்டும் செம்பா இருக்கட்டும். ஏஐஓ-ல இந்தக் கலவை சகஜம். கம்பெனியே அரிப்புத் தடுப்பு கலந்து சீல் பண்ணித் தர்றதால தாங்குது.

மூணு, நம்ம ஊர் போர் தண்ணியை ஊத்திடாதீங்க. பக்கெட்ல வெள்ளையாப் படியுதே, அது பிளாக்கோட நுண்ணிய பள்ளத்துல படிஞ்சா முடிஞ்சது கதை. பிசி-க்குன்னே விக்கிற கூலன்ட் வாங்குங்க. இல்லைன்னா பேட்டரி கடையில கிடைக்கிற டிஸ்டில்டு வாட்டரும், பாசி பிடிக்காம இருக்க அதுக்கான மருந்தும்.

நாலு, மாட்டின உடனே பிசி-யை ஆன் பண்ணாதீங்க. மோட்டாருக்கு மட்டும் கரண்டு கொடுத்து, இணைப்புக்கு அடியில டிஷ்யூ பேப்பர் வச்சு ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்க. பேப்பர் நனையலைன்னா அப்புறம் பார்க்கலாம்.

போன வாரம் தம்பி மறுபடி வாய்ஸ் நோட் போட்டிருந்தான். ஒரு அஞ்சு மணி நேர ரெண்டரை பகல்ல முடிச்சுக் கொடுத்துட்டானாம். அப்பா அன்னைக்கு மதியம் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கலையாம், சாயங்காலம் எழுப்பித்தான் டூட்டிக்கு அனுப்பினாங்களாம். மிச்சம் இருக்கிற ஏழாயிரத்தை அடுத்த கார்டுக்கு வச்சிருக்கான்.

உங்க வீட்டுல ஆயில் இன்ஜின் இருந்திருந்தா, அந்தக் கூலிங் குழாய் எங்கே போய் விழுந்ததுன்னு பெரியவங்களைக் கேட்டு எனக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம். வரட்டா.